நிறம் மாத்த எத்தனை நாள் ஆகும்?

சிறுசேரியில இருந்து மத்திய கைலாஷ் வரைக்கும் பஸ்ல வர்றவங்க, ஒரு நாள் மொபைலை உள்ள வெச்சுட்டு ரோட்டோரக் கண்ணாடிக் கட்டடங்களோட நிறத்தை மட்டும் எண்ணிப் பாருங்க. நீலம், பச்சை, சாம்பல், அப்புறம் அந்த வெண்கலப் பழுப்பு. அவ்ளோதான். அஞ்சாவதா ஒண்ணு கிடைச்சா சொல்லுங்க, டீ வாங்கித் தர்றேன். ஆபீஸ்தான் இப்படின்னு பாத்தா, நடுவுல நடுவுல எழும்பற அடுக்குமாடி வீடுகளும் கண்ணாடின்னு வந்துட்டா இதே நாலு நிறத்துக்குள்ளதான் சுத்துது.

இப்ப அங்கிருந்து ரெண்டு மணி நேரம் தள்ளி எங்க ஊருக்கு வாங்க. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல ஏதாவது ஒரு பட்டுக்கடையில ஏறி "நீலத்துல காட்டுங்க"ன்னு கேட்டா, கடைக்காரர் சேலையை எடுக்க மாட்டார். "எந்த நீலம்மா?"ன்னு திருப்பிக் கேப்பார். ஆனந்தா நீலம், ராமர் நீலம், எம்.எஸ். நீலம், நீலமா பச்சையான்னு கடைசி வரைக்கும் முடிவே பண்ண முடியாத மயில்கழுத்து. ஒரே நிறத்துக்கு இத்தனை பேர்!

பட்டு கலை, கண்ணாடி வெறும் வியாபாரம், அதனாலதான் இந்த வித்தியாசம்னு சுலபமா சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. பட்டும் வியாபாரம்தான், அதுவும் கறாரான வியாபாரம். கண்ணாடி பண்றவனும் கலைஞனுக்குக் குறைஞ்சவன் இல்ல. பொறியியல் படிச்ச புத்திக்கு வேற ஒரு கேள்விதான் தோணுது. ஒரு நிறத்துல இருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எத்தனை நாள் ஆகும், அந்தச் செலவை யார் தலையில கட்டறாங்க? கோபுரம், தறி, கண்ணாடி மூணையும் இந்த ஒரே கேள்வியோட பாத்தா சரித்திரம் கொஞ்சம் வேற மாதிரி தெரியுது.

ஒரு ஆச்சரியமான விஷயம், இந்த மூணுமே ஒரே மாவட்டத்துக் கதை. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர்ல, 2000ல செயின்ட் கோபைன் கம்பெனி கண்ணாடி உருக்க ஆரம்பிச்சது. 1665ல பிரான்ஸ்ல பதினாலாம் லூயி காலத்துல தொடங்கின கம்பெனி. வெர்சாய் அரண்மனையோட கண்ணாடி மண்டபத்துக்கு ஆடி பண்ணிக் கொடுத்தவங்க. அதே 2000 ஜூலையிலதான் தரமணியில டைடல் பார்க் திறந்தாங்க. கண்ணாடி உலையும் கண்ணாடி கேக்கற ரோடும் ஒரே வருஷம் வந்து சேந்தது தற்செயலா இருக்கலாம், ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நல்லாவே சோறு போட்டுச்சு. சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் எல்லாம் 2019 நவம்பர்ல செங்கல்பட்டு மாவட்டம் பிரியற வரைக்கும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அதாவது நம்ம ஐ.டி. மக்கள் பாதிப் பேர் காஞ்சிபுரத்துலதான் வேலை பாத்துக்கிட்டு இருந்தோம், தெரியாமலே :)

சரி, முதல்ல கோபுரம்.

காஞ்சியில உயரமான கட்டடம்னா ஏகாம்பரநாதர் ராஜகோபுரம். 1509ல கிருஷ்ணதேவராயர் கட்டினது. 190 அடியை ஒட்டின உயரம். நம்ம கணக்குல சொன்னா ஏறக்குறைய 18 மாடி. ஆனா நிறத்தோட கதை அதுக்கும் எண்ணூறு வருஷம் முன்னாடி, ராஜசிம்ம பல்லவன் கைலாசநாதர் கோயில் கட்டின 700களோட ஆரம்பத்துல தொடங்குது. இன்னிக்குப் போய்ப் பாத்தா மணல் நிறத்துல, அங்கங்க பொரிஞ்ச கல்லா நிக்குது. பாக்கறவங்க "ஆஹா, பல்லவர் காலத்து எளிமை"ன்னு சிலாகிப்பாங்க. எளிமையாவது ஒண்ணாவது! மேல சுண்ணாம்புச் சாந்து பூசி, அதுக்கு மேல வண்ணம் தீட்டின கோயில் அது. பிரகாரத்தைச் சுத்தி வரிசையா இருக்கற ஐம்பதுக்கும் மேல சின்னச் சின்ன சன்னதிகள்ல, பிற்காலத்துப் பூச்சுக்கு அடியில பல்லவ ஓவியம் மறைஞ்சு கிடந்தது. 1931ல புதுச்சேரியில இருந்த ழூவோ துப்ரேய்ங்கற பிரெஞ்சுப் பேராசிரியர்தான் அதைக் கண்டுபிடிச்சார். காவிச் சிவப்பும் மஞ்சளுமா ஒரு சோமாஸ்கந்தர் இன்னும் அரைகுறையா மிச்சம் இருக்கார். அடுத்த தடவை போனா குனிஞ்சு அந்த சன்னதிகளுக்குள்ள எட்டிப் பாருங்க. பெரும்பாலானவங்க மெயின் விமானத்தை போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க.

இங்க கவனிக்க வேண்டியது, நிறம் கல்லுல இல்ல, பூச்சுல இருக்கு. சுண்ணாம்பு, செங்காவி, மஞ்சக்காவி, விளக்குக்கரி. மழையில கரையும், வெயில்ல மங்கும். அதனாலதான் பன்னண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம்னு வெச்சு மறுபடி பூசறாங்க. ஒவ்வொரு தடவையும் அந்தக் காலத்துல என்ன வண்ணம் கிடைக்குதோ அது ஏறுது. இப்ப நாம பல ஊர்கள்ல பாக்கற ரோஸ், வானநீலம், இளம்பச்சைக் கோபுரம் எல்லாம் பெயிண்ட் டப்பா கடைக்கு வந்ததுக்கு அப்புறம் சாத்தியமானது. 1987ல கட்டி முடிச்ச ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் இதுக்கு நல்ல உதாரணம். பழமை விரும்பிகள் இதைப் பாத்து முகம் சுளிப்பாங்க. எனக்குப் பெரிசா வருத்தம் இல்ல. மாத்திக்க முடியறதுதானே அந்தப் பூச்சோட வேலையே! பன்னண்டு வருஷத்துல ஒரு தடவை சாரம் கட்டற செலவு, அதை ஊரே சேந்து கொடுக்குது. பிடிக்கலைன்னா அடுத்த கும்பாபிஷேகத்துல மாத்திக்கலாம்.

தறிக்கு வர்றேன். இதுல கொஞ்ச நேரம் உக்காரணும், வேற வழியில்ல.

காஞ்சிப் பட்டுன்னு சொன்னா அடையாளம் என்ன? உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், முந்தி அந்தக் கரையோட நிறம். கேக்கச் சாதாரணமா இருக்கு. ஆனா துணிங்கறது பாவு (நீளவாட்டு இழை), ஊடை (குறுக்கு இழை) ரெண்டும் சேந்தது. ஊடையை மட்டும் மாத்தினா நிறம் முழுசா மாறாது. பச்சைப் பாவுக்கு மேல சிவப்பு ஊடை ஓடினா சிவப்பு வராது, ரெண்டும் கலந்த ஒரு தினுசு வரும். மயில்கழுத்து பண்றது இந்த வித்தைலதான், ஒரு நிறப் பாவு, வேற நிற ஊடை. தேவைப்பட்டா அது அழகு. ஆனா அரக்குல சுத்தமான கரை வேணும், மாம்பழ மஞ்சள்ல சுத்தமான உடல் வேணும், ரெண்டும் கத்தி வெட்டின மாதிரி சேரணும்னா பாவு, ஊடை ரெண்டும் மாறியாகணும்.

கரைக்குப் பண்றது கோர்வை. மூணு நாடா ஓடும். இடது கரைக்கு ஒண்ணு, உடலுக்கு ஒண்ணு, வலது கரைக்கு ஒண்ணு. ஒவ்வொரு ஓட்டத்துலயும் கரை இழையும் உடல் இழையும் எல்லைல ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுத் திரும்பணும். தனி ஆளா இதைப் பண்றது ரொம்பக் கஷ்டம், பக்கத்துல உக்காந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேணும். அந்தக் கரைல வர்ற ரம்பப்பல் மாதிரி முக்கோண வரிசைக்குப் பேரு கோபுரக் கரை. அதாவது ஊர்க் கோபுரம் சேலை ஓரத்துலயும் வரிசையா நிக்குது.

முந்திக்குப் பண்றது பெட்னி. இதுதான் நிஜமான தலைவலி. உடலோட பாவு முடியற இடத்துல முந்திக்கான வேற நிறப் பாவை இழைக்கு இழை கோத்து இணைக்கணும். ஆயிரக்கணக்கான இழை. கொஞ்ச தூரம் ரெண்டு பாவும் சேந்தே நெய்யப்படும், அப்புறம் பழைய பாவை வெட்டி எடுத்துடுவாங்க. அந்த ரெண்டும் சேந்த இடம் மட்டும் கொஞ்சம் தடிப்பா, ஒரு கோடு மாதிரி தெரியும். விரல் வெச்சுத் தடவினாலே புலப்படும். எங்க சித்தப்பா ஒருத்தர் தறியில இருந்தவர். "ஏன் சித்தப்பா, ஒரு கலர் மாத்தறதுக்கு இவ்ளோ பாடா?"ன்னு கேட்டதுக்கு, "நீ பட்டனைத் தட்டினா கலர் மாறுது. எனக்கு இழைதான்டா பட்டன், எல்லாத்தையும் ஒவ்வொண்ணாத் தட்டணும்"னார். இதுக்கு மேல தெளிவா எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

கஷ்டம்தான், ஆனா அளவு சின்னது பாருங்க. ஒரு பாவுல சில சேலைதான் வரும். சாயப்பட்டறையில தொட்டிக்குள்ள முக்கறது சில கிலோ பட்டு. அதனால ஒருத்தருக்காக ஒரு நிறம் உண்டாக்கறது சாத்தியம். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் உண்டாக்கினதா சொல்லப்படற எம்.எஸ். நீலம் அப்படி வந்ததுதான். ஒரு பாடகி, ஒரு நெசவு வீடு, ஒரு சாயத்தொட்டி. ஊர்ல நாலு கடை, நாப்பது தறி, ஆளுக்கொரு நீலம். பேரு பெருகிட்டே போனதுல என்ன ஆச்சரியம்?

ஆனா "செலவை யார் கொடுத்தாங்க"ங்கற பாதிக் கேள்வி மிச்சம் இருக்கு. கோர்வைக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும்னு சொன்னேன்ல? அந்த ஆள் ரொம்ப காலமா ஒரு சின்னப் பையன் அல்லது பொண்ணு. பல வீட்ல சொந்தப் பிள்ளை, சில வீட்ல முன்பணம் கொடுத்துக் கொண்டுவந்த பிள்ளை. 2003ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழில்ல கொத்தடிமைச் சிறுவர்கள் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதுல காஞ்சிபுரமும் இருக்கு. அரக்கும் மஞ்சளும் கத்தி வெட்டின மாதிரி சேர்ற அந்த எல்லைக்கோட்டுல பள்ளிக்கூடம் போகாத ஒரு குழந்தையோட பகல் நேரம் இருந்தது. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனாங்க, கோர்வைக்கு ஆள் கிடைக்காமப் போச்சு, கோர்வை இல்லாத ஒரே பாவுச் சேலைகள் கூடிச்சு. "அந்தக் காலத்துக் கோர்வை இப்ப எங்க சார் வருது"ன்னு பெருமூச்சு விடறவங்ககிட்ட நான் பெரும்பாலும் வாயைத் தொறக்கறதில்ல. நல்ல காரணத்துக்காகவும் ஒரு அழகு குறையலாம். பிரியதர்ஷனோட "காஞ்சீவரம்" படம் (2007க்கான தேசிய விருது வாங்கினது) பாத்தவங்களுக்கு நெசவாளி வீட்டுக் கணக்கு இன்னும் கொஞ்சம் புரியும்.

இப்ப ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டியைத் திருப்புவோம்.

கண்ணாடிக்கு இயற்கையா ஒரு நிறம் இருக்கு. டீபாய் மேல போட்ட கண்ணாடிப் பலகையை ஓரத்துல இருந்து பாருங்க, பச்சையா தெரியும். மணல்ல கலந்திருக்கற இரும்போட வேலை அது. அந்த இரும்பை இன்னும் கொஞ்சம் கூட்டினா நல்ல பச்சைக் கண்ணாடி. கோபால்ட் சேத்தா நீலம். செலினியம், இரும்பு, கோபால்ட் எல்லாம் விதவிதமா கலந்தா வெண்கலமும் சாம்பலும். ஆரம்பத்துல நான் எண்ணச் சொன்ன நாலு நிறமும் வந்துடுச்சா? இதுல பச்சை வெறும் அழகுக்கு வந்தது இல்ல. இரும்பு சூரியனோட வெப்பக் கதிர்களை விழுங்கும். 1950களோட தொடக்கத்துல நியூயார்க்ல எழும்பின ஐ.நா. தலைமைச் செயலகத்துக்குப் பச்சைக் கண்ணாடி போட்டது அதுக்காகத்தான். அடுத்து 1952ல அதே ஊர்ல லீவர் ஹவுஸ், நீலப்பச்சைக் கண்ணாடியில. இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கற நீலப்பச்சை ஆபீஸ்களுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

அப்புறம் 1959ல பிரிட்டன்ல பில்கிங்டன் கம்பெனி மிதவைக் கண்ணாடி முறையை அறிவிச்சது. கண்டுபிடிச்சவர் பேரும் அலஸ்டர் பில்கிங்டன்தான், ஆனா முதலாளி குடும்பத்துக்கு நெருங்கின சொந்தம் இல்ல! ஏறக்குறைய 1,500 டிகிரியில உருகின கண்ணாடியை, உருகின வெள்ளீயக் குளத்துக்கு மேல ஓட விடறாங்க. தண்ணி மேல எண்ணெய் மாதிரி பரவி, ரெண்டு பக்கமும் பளிங்கு மாதிரி சமமா ஆயிடும். தேய்ச்சு மெருகேத்த வேண்டிய வேலையே இல்ல. ஒரு முனைல மணல் போகுது, இன்னொரு முனைல முடிவே இல்லாத ஒரு கண்ணாடி நாடா வெளிய வந்துக்கிட்டே இருக்கு.

இந்த "முடிவே இல்லாத"லதான் விஷயம் இருக்கு. அந்த உலையை அணைக்க முடியாது. பத்துப் பதினஞ்சு வருஷம் இராப்பகலா எரியும். தீபாவளி, பொங்கல், புயல், கொரோனா எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு சில நூறு டன் வெளிய வரும். உலைக்குள்ள எப்பவும் அதைவிடப் பல மடங்கு கண்ணாடி உருகி நிக்கும். இப்ப வெள்ளைல இருந்து பச்சைக்கு மாத்தணும்னா என்ன பண்ணுவீங்க? தொட்டியைக் கழுவி வேற சாயம் ஊத்த முடியாது. பச்சைக்கான கலவையைப் போட ஆரம்பிச்சு, உள்ள இருக்கற பழசு மெல்ல மெல்ல வெளிய போய், புதுசு வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கணும். நாள் கணக்குல ஆகும். அந்த நாட்கள்ல வர்ற கண்ணாடி வெள்ளையும் இல்ல, பச்சையும் இல்ல. யாருக்கும் விக்க முடியாது. உடைச்சு நொறுக்கி, மறுபடி உலைக்கே தீனியாப் போகும்.

பெட்னியை ஞாபகம் இருக்கா? ரெண்டு நிறமும் சேர்ற இடம் தடிப்பா ஒரு கோடு. தறியில அந்த இடைப்பட்ட பகுதிதான் அசல் காஞ்சிப் பட்டுன்னு கடைக்காரர் விரிச்சுக் காட்டற அடையாளம். உலையில அதே இடைப்பட்ட பகுதி டன் டன்னா நொறுக்கற சரக்கு. அதனாலதான் கண்ணாடிக் கம்பெனி நிறம் மாத்தறதை வருஷத்துல ஒரு சில தடவையோட நிறுத்திக்கும். 200 வீடு கட்டற பில்டர் போய் "எனக்கு மாம்பழ மஞ்சள்ல வேணும்"னா, காபி கொடுத்து அனுப்பி வெப்பாங்க. அவங்க மேல தப்பு இல்ல.

அதனால கோபுரத்துல பண்ணினதையே கண்ணாடிக்காரங்களும் பண்ணினாங்க. நிறத்தை உள்ள கலக்காம மேல பூசறது. 1962ல அமெரிக்காவுல ஹோல்ம்டெல்ங்கற ஊர்ல பெல் ஆய்வகத்துக்கு ஈரோ சாரினென் வரைஞ்சபடி ஆடி மாதிரிக் கண்ணாடி போட்டுக் கட்டினாங்க. முழுக் கட்டடமும் ஒரு முகம் பாக்கற கண்ணாடி. 1970கள்ல எண்ணெய் விலை ஏறினதும், வெப்பத்தைத் தடுக்கற பூச்சு எல்லாருக்கும் தேவையாச்சு. இப்ப போடறது பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு. பத்து நானோமீட்டர் கனத்துல ஒரு வெள்ளிப் படலம், அதுக்கு மேலயும் கீழயும் வேற படலங்கள். அந்தக் கனத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சா, வெளிய தெரியற நிறம் நீலத்துல இருந்து பொன் வரைக்கும் மாறும். மழை ரோட்டுல பெட்ரோல் சிந்தினா தெரியற வண்ணம் மாதிரிதான். நம்ம ஜரிகையும் இதே கதைதான்: பட்டு இழை மேல தட்டின வெள்ளிக்கம்பியைச் சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். ஜரிகைக்குன்னே காஞ்சிபுரத்துல அரசாங்க ஆலை ஒண்ணு இருக்கு. மேனி மினுக்க வெள்ளி இல்லாம முடியாது போல, சேலைக்கும் சரி, மாடிக்கும் சரி.

பூச்சு வந்ததும் நிறம் மாத்தற செலவு குறைஞ்சது. அப்ப வகை பெருகி இருக்கணுமே? அங்கதான் வீடுங்கற சமாச்சாரம் குறுக்க வருது.

கண்ணாடி வீட்டுக் கோபுரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது மீஸ் வான் டெர் ரோ. 1949ல இருந்து 1951க்குள்ள சிகாகோ ஏரிக்கரையில கட்டின 26 மாடி இரட்டைக் கட்டடம், 860-880 லேக் ஷோர் டிரைவ். கறுப்பு இரும்பு, தரையில இருந்து கூரை வரைக்கும் சாதாக் கண்ணாடி. ஆரம்பத்துல சென்ட்ரல் ஏசி கிடையாது, கோடைல உள்ள இருந்தவங்க வெந்துபோனாங்க. இன்னொரு சங்கதியும் உண்டு. ஆளாளுக்கு ஒரு நிறத் திரை போட்டா வெளித்தோற்றம் கெட்டுடும்னு, தெருப்பக்கம் தெரியற திரை எல்லாம் ஒரே சாம்பல் நிறம்னு விதி. உங்க ஆசைத் திரையை அதுக்கு உள்பக்கம் மாட்டிக்கலாம். நம்ம அடுக்குமாடி சங்கங்கள் "பால்கனியில துணி காயப்போடக் கூடாது"ன்னு லிப்ட்ல ஒட்டற நோட்டீசுக்குப் பூர்வீகம் சிகாகோதான் போலிருக்கு!

இந்தியாவுல இதோட பெரிய அரங்கம் மும்பை. பரேல் பக்கம் இருந்த பஞ்சாலைகள், 1982ல தத்தா சாமந்த் தலைமைல நடந்த வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. அந்த நிலத்துல வீட்டுக் கோபுரங்கள் முளைச்சது. ஸ்ரீநிவாஸ் மில் இருந்த இடத்துல இப்ப நிக்கறது வேர்ல்ட் ஒன், 280 மீட்டர் கண்ணாடி. வரைஞ்சது பெய் காப் ஃப்ரீட் கம்பெனி. பாஸ்டன்ல 1970கள்ல ஜான் ஹான்காக் கோபுரத்தை வரைஞ்சவங்களும் அதே கம்பெனிதான். அந்த நீல ஆடிக் கட்டடத்துல கண்ணாடி ஒவ்வொண்ணா கழண்டு விழுந்து, ஒட்டுப்பலகை அடிச்சு மூடி, கடைசில 10,344 பலகையையும் மாத்தினாங்க. துணி நெஞ்ச இடத்துல கண்ணாடின்னு படிச்சப்ப காஞ்சிபுரத்துக்காரனுக்கு வயித்தைக் கொஞ்சம் கலக்கத்தான் செய்யுது. கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் கோயில் மாதிரி தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுசா எதுவும் கட்டக் கூடாது, அதுக்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேணும்னு 2010ல திருத்தின சட்டம் இருக்கு. ஊர் நடுவுலயாவது அது கொஞ்சம் காப்பாத்துது.

சரி, வகை ஏன் பெருகலை? வெயில்தான் காரணம். சாதாக் கண்ணாடி சூரிய வெப்பத்துல எண்பது சதவீதத்துக்கு மேல உள்ள விட்டுடும். ஆபீஸ்னா ஏசி பில்லை கம்பெனி கட்டும். வீடுன்னா? பில்டர் ரோட்டுல இருந்து பாக்க அழகா இருக்கணும்னு நிறம் தேர்ந்தெடுத்துட்டு, சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுவார். அடுத்த முப்பது வருஷ கரண்ட் பில் குடியிருக்கறவர் தலையில. 2018 டிசம்பர்ல மத்திய அரசு வீடுகளுக்குன்னே எகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. குளிர்ப்பிரதேசம் தவிர மத்த இடங்கள்ல, சுவர், ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வர்ற வெப்பம் சராசரியா சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாதுன்னு சொல்லுது. கூடவே வெளிச்சமும் ஒரு அளவுக்காவது வரணும்னு சொல்லுது, அதனால கன்னங்கரேல்னு இருட்டுக் கண்ணாடி போட்டுத் தப்பிக்கவும் முடியாது. மாநிலங்கள் ஏத்துக்கிட்டாத்தான் அமலாகும்ங்கறது வேற விஷயம். வெப்பம் வரக்கூடாது, வெளிச்சம் வரணும், விலையும் கட்டுப்படியாகணும்னு மூணு சல்லடைல சலிச்சா கடைசில நிக்கறது அதே இளநீலமும் சாம்பலும்தான்.

வீட்டுக்கே உரிய இன்னும் ரெண்டு தொந்தரவு உண்டு. ஆடிக் கண்ணாடி பகல்ல வெளியாட்களுக்குக் கண்ணாடி, ராத்திரி லைட் போட்டா கதை தலைகீழ். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஆடி. எதிர் பிளாட்காரருக்கு உங்க வீட்டு ஹால் பெரிய திரை சினிமா. ரெண்டாவது, உடைஞ்சா மாத்தறது. பத்து வருஷம் கழிச்சு ஒரு பலகை உடைஞ்சா அதே நிறம் கிடைக்காது. அந்தப் பெரிய லீவர் ஹவுஸ்லயே உடைஞ்ச இடத்துல போட்ட கண்ணாடி நிறம் ஒத்துப்போகாம ஒட்டுப்போட்ட மாதிரி ஆகி, பிறகு 2001 வாக்குல மொத்தத்தையும் புதுசா மாத்தினாங்க. இதைத் தெரிஞ்ச எந்தக் கட்டடக் கலைஞரும் அபூர்வமான நிறத்துல கை வைக்க மாட்டார்.

அதனால வீட்டுக் கோபுரங்கள்ல வித்தியாசம் காட்ட நினைச்சவங்க கண்ணாடியை விட்டுட்டு பால்கனியைப் பிடிச்சாங்க. சிகாகோவுலயே ஜீன் கேங் வரைஞ்ச அக்வா கோபுரம் நல்ல உதாரணம். 80 மாடிக்கு மேல. ஒவ்வொரு மாடிக் கான்கிரீட் தளமும் ஒவ்வொரு விதமா அலை மாதிரி வெளிய நீளுது. கண்ணாடி சாதாரணம், தளத்தோட ஓரம்தான் வடிவம். கரை மட்டும் கோர்வை போட்ட சேலை மாதிரி, உடல் ஒரே நிறம். நம்ம ஊர் வெயிலுக்கு இது பல மடங்கு பொருத்தம். பால்கனி நிழலும் கொடுக்கும், துணியும் காயும் (சங்கம் விட்டா).

இப்ப கண்ணாடி மேலயே பீங்கான் மசியில டிஜிட்டல் பிரிண்ட் எடுக்கற மெஷின் வந்தாச்சு. அதுல நிறம் மாத்தறதுன்னா வேற பைலைத் திறக்கறது, அவ்ளோதான். தளமும் தூணும் மறையற இடத்துல போடற கண்ணாடிக்கு இது நல்லா ஒத்து வரும், அங்க வெளிச்சம் வரத் தேவையில்லையே. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை எது வேணாலும் போடலாம். ஆனாலும் பிரவுச்சர்ல வர்றது சாம்பல்தான். சாம்பல்னா "பிரீமியம்"னு யாரோ சொல்லி வெச்சுட்டாங்க.

தறிப் பக்கமும் இதே மாதிரி ஒரு மாற்றம். ஜக்கார்டு அட்டையில துளை போட்டு டிசைன் ஏத்தின காலம் போய், கம்ப்யூட்டர்ல வரைஞ்சு நேரா தறிக்கு அனுப்பற வசதி வந்திருக்கு (கம்ப்யூட்டருக்குத் துளை அட்டை யோசனையைக் கொடுத்ததே ஜக்கார்டு தறிதான், அதனால கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆச்சு). அன்னம், மல்லிமொட்டு, ருத்ராட்சம், எந்தப் புட்டா வேணும்னாலும் பைல் மாத்தினாப் போதும். ஆனா டிசைன்தான் அப்படி மாறும். முந்திக்கு வேற நிறப் பாவு வேணும்னு ஒரு பொண்ணோட அம்மா கடையில கேட்டுட்டா, இன்னிக்கும் பிள்ளையார்பாளையத்துல ஒருத்தர் தறிக்கு முன்னால உக்காந்து இழையை ஒவ்வொண்ணா கோத்துத்தான் ஆகணும். அதுக்கான கூலி கட்டுப்படியாகலைன்னுதான் அவர் பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்டு வேலைக்கு பஸ் ஏறறான்.